கணவருக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒரு கணக்கு

(பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிவோர், ஓய்வு பெற்றோர் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை புதுச்சேரியில் நடத்திய வரி ஆலோசனைக் கூட்டத்தில், குடும்பநலக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வருமான வரி என்றதும், "அது ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் எழுந்து போய்விடுவது வழக்கம். இன்று இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. நம் தெருக்களில் சொல்தா குடும்பங்கள் அதிகம். கணவர் பிரான்சில், மனைவி இங்கே. அல்லது பென்ஷன் அங்கிருந்து வருகிறது, வாழ்க்கை இங்கே நடக்கிறது. இப்படி இரண்டு கரையில் கால் வைத்திருக்கும் குடும்பத்திடம் இரண்டு அரசுகளும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு சம்பாதித்தீர்கள்?" என்பதல்ல. "நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்துகொள்வதற்காகவே இந்தக் கூட்டம்.

பழைய கேள்விதான்

இந்தக் கேள்வி புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு வேறு விதி. ஆக, அப்போதும் "எங்கே பிறந்தாய்" என்பதோடு "எங்கே குடியிருக்கிறாய்" என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் பிரெஞ்சுக்காரராகவும் மற்றவர் இந்தியராகவும் ஆனது அந்தக் கேள்வியால்தான்.

இந்திய வருமான வரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல் புதுச்சேரிக்கும் பொருந்தியது. அன்றிலிருந்து அதே கேள்வியை வரித்துறையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. குடியுரிமைக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னால் போதும். வரிக் கேள்விக்கு ஒவ்வொரு வருடமும் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, கணவரும் மனைவியும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இன்று நாங்கள் சொல்லும் மற்ற எதை மறந்தாலும் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கணவர் எந்த நாட்டில் வசிக்கிறாரோ அந்த நாட்டில்தான் மனைவியும் வசிக்கிறார் என்று எந்தச் சட்டமும் தானாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தியாவின் நாள் கணக்கு

இந்திய வரிச் சட்டம் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. நாட்களை எண்ணுகிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையுள்ள ஒரு வருடத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர், வழக்கில் ரெசிடென்ட். ஒரு வருடத்தில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட்தான். ஆனால் வெளிநாட்டில் இருந்து ஊர் பார்க்க வரும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அந்த 60 நாள் 182 நாளாகத் தளர்த்தப்பட்டிருக்கிறது. இந்தியாவில் கிடைக்கும் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அது 120 நாள்.

1961 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் 2025 ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்களும் படிவங்களும் மாறினாலும் இந்த 182 நாள் கணக்கு மாறவில்லை.

இதில் நம்மவர்கள் எங்கே சிக்குகிறார்கள் என்று பாருங்கள். பிரான்சில் குளிர் தொடங்கும்போது புறப்பட்டு வந்து, இங்கே வெயில் ஏறும்போது திரும்பிப் போவது நம் பெரியவர்களின் பழக்கம். அக்டோபர் 1 அன்று வந்து இறங்குகிறார், மார்ச் 31 வரை இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் விட்டு எண்ணுங்கள்: அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31. கூட்டினால் சரியாக 182. "ஆறு மாதம் கூட முழுதாக இல்லையே" என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். சட்டத்தின் கண்ணில் அவர் அந்த வருடம் இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிட்டார்.

இதே பயணத்தைப் பிரெஞ்சுக் கணக்கில் பாருங்கள். அங்கே வரி வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒரு வருடத்தில் 92 நாள், அடுத்த வருடத்தில் 90 நாள் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். அங்கே "கொஞ்ச நாள் ஊருக்குப் போய் வந்தார்" என்பது, இங்கே "இந்த வருடம் இங்கே வசித்தார்" என்று ஆகிறது. ஒரே பயணத்துக்கு இரண்டு கணக்கு.

ஆகவே வீட்டுக்கு இரண்டு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒன்றில் கணவரின் பெயர், இன்னொன்றில் மனைவியின் பெயர். வந்த தேதி, போன தேதி, பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட் நகல். உம்ராவுக்குப் போனாலும், சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போனாலும் எழுதி வையுங்கள். இருவரும் சேர்ந்தே பயணம் செய்தாலும் நோட்டு இரண்டாகவே இருக்கட்டும்.

பிரான்சின் பார்வை

பிரெஞ்சுச் சட்டம் நாளை மட்டும் எண்ணுவதில்லை. குடும்ப வீடு அங்கே இருக்கிறதா, வருடத்தில் முக்கியமாகத் தங்குவது அங்கேயா, முக்கியத் தொழில் அங்கேயா, பொருளாதாரத்தின் மையம் அங்கேயா என்று பார்க்கிறது. இதில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே அவர் பிரான்சில் வசிப்பவர். அரசு ஊழியர்களுக்குக் கூடுதலாக ஒரு விதி உண்டு. ராணுவத்தினரும் இதில் அடக்கம். அரசு அனுப்பி வேறு நாட்டில் பணி செய்கிறவர், அந்த நாட்டில் தம் மொத்த வருமானத்துக்கும் வரி கட்டாதவராக இருந்தால், அவர் பிரான்சில் வசிப்பவராகவே கருதப்படுவார்.

ஆனால் அந்த விதி சீருடை போட்டவருக்குத்தான். அவர் மனைவிக்கு அது தானாக வராது. குடும்பத்தில் ஒவ்வொருவரின் வசிப்பிடத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதே அங்கேயும் முறை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

உதாரணத்துக்கு ஒரு தம்பதி. கணவர் தூலோன் கடற்படைத் தளத்தில் பணியில் இருக்கிறார். மனைவி, பிள்ளைகளின் படிப்புக்காகவும் வயதான மாமியாருக்காகவும் புதுச்சேரியில் இருக்கிறார். கணவர் பெயரில் இங்கே ஒரு வாடகை வீடு. இருவர் பெயரிலும் பிரான்சில் ஒரு வங்கிக் கணக்கு, இங்கே ஒரு வங்கிக் கணக்கு. நம் ஊரில் அன்றாடம் பார்க்கும் குடும்பம்தான்.

கணவர் பிரான்சில் வசிப்பவர். அவருடைய சம்பளம் பிரான்சு அரசு தன் குடிமகனுக்குக் கொடுப்பது. அதற்கு வரி அங்கேதான். மனைவி வருடம் முழுவதும் இங்கே இருப்பதால் இந்தியாவில் வசிப்பவர். பிரான்சில் திருமணமானவர்கள் பொதுவாகச் சேர்ந்து ஒரே வரிக் கணக்கைக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு முறையே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பான் கார்டு, ஒரு ரிட்டர்ன். போர்த்துகீசியச் சட்டம் இருந்த கோவாவில் கணவன் மனைவி வருமானத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் காட்ட இந்தியச் சட்டம் இடம் தருகிறது. பிரெஞ்சு ஆட்சி இருந்த நமக்கு அந்தச் சலுகை கொடுக்கப்படவில்லை. எனவே "அவர் அங்கே கணக்குக் கொடுத்துவிட்டார், என் பெயரும் அதில் இருக்கிறது, எனக்கு இங்கே வேலை இல்லை" என்று அந்தச் சகோதரி இருந்துவிட முடியாது.

அடுத்து, அந்த வங்கிக் கணக்குகள். பிரான்சில் வசிக்கும் கணவர், புதுச்சேரியில் தமக்கு இருக்கும் வங்கிக் கணக்கை ஒவ்வொரு வருடமும் 3916 ஆம் எண் படிவத்தில் பிரெஞ்சு வரி ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத ஒவ்வொரு கணக்குக்கும் 1,500 யூரோ அபராதம் உண்டு. கணக்கில் நூறு ரூபாய் இருந்தாலும் விதி ஒன்றுதான். இந்தியாவில் வசிக்கும் மனைவியோ, பிரான்சில் தம் பெயரும் சேர்ந்திருக்கும் கணக்கைத் தம் இந்திய ரிட்டர்னில், வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். கணக்கு ஒரே தம்பதியுடையது; சொல்ல வேண்டிய ஆள் வேறு, சொல்ல வேண்டிய நாடு வேறு.

மூன்றாவது, கணவர் அனுப்பும் பணம். வீட்டுச் செலவுக்கு அவர் அனுப்புவது மனைவிக்கு வருமானம் அல்ல. அதற்கு வரி இல்லை. ஆனால் அதில் மிச்சம் பிடித்து மனைவி தம் பெயரில் எஃப்.டி. போட்டால், அதன் வட்டி இந்தியச் சட்டப்படி கணவரின் வருமானத்தோடு சேரும். கணவன் மனைவிக்குச் சும்மா கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானம் கொடுத்தவருடையது என்பது விதி. அந்த வட்டிக்கு ஒரு படிவம் கொடுத்துவிட்டு, "வரி பிடிக்க வேண்டாம்" என்று வங்கியில் சொல்லிவருவது நம் பெண்களிடம் உள்ள பழக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வட்டி யாருடைய வருமானம் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நான்காவது, வாடகை வீடு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் வாடகைக்கு இருப்பவர் வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் சேர்த்துப் பெரும்பாலும் 31.2 சதவீதம். வீட்டை விற்றாலும் வாங்குபவர் வரி பிடிக்க வேண்டும். உண்மையில் கட்ட வேண்டிய வரி குறைவு என்றால், முன்கூட்டியே வரித்துறையில் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்கலாம். அல்லது ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். இந்த வாடகையைக் கணவர் பிரான்சிலும் காட்ட வேண்டும். அங்கே இரட்டை வரி வராமல் இருக்க ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது. ஆனால் காட்டியவருக்குத்தான் அந்த வழி.

மற்ற இடங்களில் எப்படி?

ராணுவக் குடும்பத்துக்கு இவ்வளவு சிக்கலா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி வருமான வரி. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் அது இல்லவே இல்லை. சிப்பாயை அரசே மாநிலம் மாநிலமாக மாற்றுகிறது என்பதால், மாற்றிய இடத்தில் அவருடைய ராணுவச் சம்பளத்துக்கு வரி கேட்கக் கூடாது என்று அங்கே நெடுங்காலமாகச் சட்டம் இருக்கிறது. ஆனால் கூடவே போகும் மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு 2009 இல்தான் வந்தது. 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி போய், கணவரின் மாநிலம், மனைவியின் மாநிலம், பணியிட மாநிலம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தம்பதியே தேர்ந்துகொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

நம் நாட்டில் வருமான வரி மத்திய அரசுடையது. இந்திய ராணுவத்தில் இருக்கும் நம் பிள்ளை ராஜஸ்தானில் இருந்தாலும் அஸ்ஸாமில் இருந்தாலும் வரி ஒன்றே. ஆகவே அவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வாக்காளர் பட்டியலில் மட்டும் நம் சட்டமும் ராணுவத்தினருக்கு இடம் கொடுத்திருக்கிறது: பணிக்காக எங்கே இருந்தாலும், பணி இல்லாவிட்டால் எந்த ஊரில் இருந்திருப்பாரோ அந்த ஊர்க்காரராகவே எண்ணப்படுவார்.

இரண்டு நாட்டுக்கு நடுவே நிற்கும் நம் சொல்தா தம்பதிகளுக்கு இப்படித் தேர்ந்துகொள்ளும் உரிமையை யாரும் தரவில்லை. அவர்களுக்கு இருப்பது இந்தியாவும் பிரான்சும் 1992 செப்டம்பர் 29 அன்று கையெழுத்திட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம். அது 1994 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே ஆளை இரண்டு நாடும் "எங்கள் நாட்டில் வசிப்பவர்" என்று சொன்னால், வரிசையாகப் பார்க்கச் சொல்கிறது ஒப்பந்தம்: நிலையான வீடு எங்கே? இரண்டு இடத்திலும் வீடு என்றால், குடும்பமும் பொருளாதாரமும் எந்தப் பக்கம் நெருக்கம்? அதுவும் தெளிவில்லை என்றால், வழக்கமாக எங்கே தங்குகிறார்? அதன் பிறகுதான் குடியுரிமை. "என்னிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது" என்பது நாம் முதலில் எடுக்கும் அஸ்திரம். ஒப்பந்தத்திலோ அது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் வருகிறது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பினால்

பணி முடிந்து தம்பதியாக ஊர் திரும்புகிறவர்களுக்கு இந்தியச் சட்டம் ஒரு கால அவகாசம் தருகிறது. முந்தைய பத்து வருடங்களில் ஒன்பது வருடம் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தவர், அல்லது முந்தைய ஏழு வருடங்களில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இந்தியாவில் இருந்தவர், "சாதாரணமாக வசிப்பவர் அல்லாத ரெசிடென்ட்" என்ற நடுநிலையில் வைக்கப்படுகிறார். அந்த வருடங்களில், வெளிநாட்டில் சம்பாதித்து வெளிநாட்டிலேயே கைக்கு வரும் வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலும் கொடுக்க வேண்டியதில்லை. இதையும் கணவருக்குத் தனி, மனைவிக்குத் தனி என்றே எண்ண வேண்டும். மனைவி முன்பே இங்கே வந்து குடியிருந்தால், கணவருக்குக் கிடைக்கும் அவகாசம் அவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

நிரந்தரமாகத் திரும்பியவர்கள் வங்கியில் உள்ள என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிவிட வேண்டும். அந்த வட்டிக்கு உள்ள விலக்கு வெளிநாட்டில் வசிப்பவருக்குத்தான்.

பென்ஷனுக்கு வருவோம். அரசுப் பணிக்காக ஒரு நாடு கொடுக்கும் பென்ஷனுக்குப் பொதுவாகக் கொடுக்கும் நாட்டில்தான் வரி. ஆனால் வாங்குபவரின் குடியுரிமையையும் ஒப்பந்தம் பார்க்கிறது. ஆகவே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள விதவைக்கும், இந்தியக் குடியுரிமை உள்ள விதவைக்கும் ஒரே பதில் வரும் என்று நினைக்காதீர்கள். ராணுவம் விட்ட பிறகு தனியார் கம்பெனியில் வேலை பார்த்து வாங்கும் பென்ஷனுக்கு வேறு விதி. அதையும் சொல்தா பென்ஷனோடு கலக்காமல் தனியாகக் காட்டுங்கள்.

பிரான்சிலேயே வரி இல்லாத தொகைகளும் உண்டு. முன்னாள் போர்வீரருக்கான ஓய்வுத்தொகை, போரிலோ பணியிலோ ஊனமுற்றவருக்கான ராணுவப் பென்ஷன், ராணுவப் பதக்கத்தோடு வரும் தொகை ஆகியவற்றுக்கு அங்கே வருமான வரி கிடையாது. மற்றப் பென்ஷனில், வெளிநாட்டில் வசிப்பவருக்கு 0, 12, 20 சதவீதம் என்று மூன்று படியாகப் பிடிக்கிறார்கள். வருடக் கணக்குப் பார்க்கும்போது வெளிநாட்டில் வசிப்பவருக்குக் குறைந்தபட்சம் 20 சதவீதம், ஒரு வரம்புக்கு மேல் 30 சதவீதம் என்பது பொது விதி. ஆனால் உலகம் முழுவதிலும் உள்ள தம் வருமானத்தைக் காட்டி, "என் சராசரி விகிதப்படி போடுங்கள்" என்று கேட்கும் உரிமை உண்டு. சிறிய பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இதனால் வரி குறையும். நுவாசி லெ கிராந்தில் உள்ள, வெளிநாட்டில் வசிப்போருக்கான வரி ஆபீஸ் இதைப் பார்க்கிறது. கேட்காதவருக்கு அது தானாகக் கிடைக்காது.

இனி முக்கியமான ஒன்று. இங்கே வரி வராது என்பது வேறு. ரிட்டர்ன் கொடுக்க வேண்டாம் என்பது வேறு. இந்தியாவில் சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிட்ட ஒருவருக்கு வெளிநாட்டில் வங்கிக் கணக்கோ சொத்தோ இருந்தால், ஒரு ரூபாய் வரி இல்லாவிட்டாலும் அவர் ரிட்டர்ன் கொடுத்தே ஆக வேண்டும். எளிய படிவம் இதற்குச் செல்லாது. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல் உள்ள படிவம் வேண்டும். அந்தப் பட்டியலில் ஜனவரி முதல் டிசம்பர் வரையுள்ள கணக்கைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015 ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் நீங்கலாக மற்ற வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம்தான் தளர்ந்தது. காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. கணவர் இறந்த பிறகும் பிரான்சில் அந்தப் பழைய கணக்கிலேயே பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும் நம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாத் தாளிலும் ஒரே பதில்

இப்போது சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் நம்மவர்களிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.

வரி ஆபீசில் ஒரு பதில், உதவித்தொகை ஆபீசில் ஒரு பதில் என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பிரான்சில் முதியோருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை ஒன்று உண்டு; "ஆஸ்பா" என்பார்கள். அதை வாங்குகிறவர் வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சில் வசிக்க வேண்டும். 2023 செப்டம்பருக்கு முன் ஆறு மாதமாக இருந்தது. உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, வருடத்தில் பெரும்பகுதி இங்கே இருந்துகொண்டு அதை வாங்குவது முறையல்ல. பிடிபட்டால் வாங்கியது முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். 2017 முதல் இந்தியாவும் பிரான்சும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இருக்கின்றன. ஆதார் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் ஆதார் வாங்க வேண்டுமானால், விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். ஆதாருக்காக "இங்கேதான் இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தவர், அதே வருடம் வேறொரு தாளில் "நான் அங்கே வசிக்கிறேன்" என்று எழுதினால், அவருக்கு எதிராக அவர் கையெழுத்தே சாட்சி சொல்லும்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது பெண்கள்தான். "இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று தரகர் சொல்கிறார், கணவரும் சொல்கிறார், போட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சுக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. பிரான்சில் கூட்டாகக் கணக்குக் கொடுக்கும் தம்பதி அந்த வரிக்கு இருவருமே பொறுப்பு. ஆகவே படித்துச் சொல்லாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்களும், மனைவியிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் அதில் உள்ளதைத் தமிழில் சொல்லுங்கள். அது அவர்களுடைய உரிமை.

நிக்காஹ் பதிவு

இவ்வளவுக்கும் அடித்தளம் திருமணப் பதிவு. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பது நமக்குப் போதும். பிரெஞ்சு அரசுக்குப் போதாது. நகராட்சியில் பதிவு செய்து, பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் வழியாக அந்தத் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். அது நடக்காதவரை கணவர் அங்கே மணமாகாதவர் கணக்கிலேயே நிற்கலாம். வரியில் தம்பதிக்கு உரிய பங்கு கிடைக்காது. அதைவிடப் பெரிய இழப்பு பின்னால் வரும். ராணுவப் பென்ஷன் வாங்கியவர் இறந்தால், விதிகள் பொருந்தும் மனைவிக்கு அந்தப் பென்ஷனில் பாதி கிடைக்கும். திருமணம் பதிவில் இல்லை என்றால் அந்தப் பாதியை எதைக் காட்டிக் கேட்பது? இத்தா முடிந்த கையோடு ஒரு தாயை ஆபீஸ் ஆபீசாக அலைய விடுவதைவிட, இருவரும் நலமாக இருக்கும்போதே ஒரு நாள் ஒதுக்கிப் பதிவை முடிப்பது எவ்வளவோ மேல்.

செய்ய வேண்டியவை

வீட்டுக்குப் போனதும் ஒரு கோப்பு எடுத்து, அதில் இவற்றைச் சேருங்கள்: இருவரின் பாஸ்போர்ட் நகல், இருவரின் நாள் நோட்டு, இருவரின் பான் கார்டு, திருமணப் பதிவும் பிரெஞ்சுக் குடும்பப் புத்தகமும், இரண்டு நாட்டிலும் உள்ள எல்லா வங்கிக் கணக்குகளின் பட்டியல், பென்ஷன் கடிதம், கடைசியாக வந்த பிரெஞ்சு வரி அறிவிப்பு, உயிர்வாழ் சான்றிதழ் அனுப்பியதற்கான ஆதாரம். கோப்பு எங்கே இருக்கிறது என்று கணவருக்கும் தெரிய வேண்டும், மனைவிக்கும் தெரிய வேண்டும்.

நாட்காட்டியில் இரண்டு காலத்தைக் குறித்து வையுங்கள். பிரெஞ்சுக் கணக்குக் கொடுக்கும் காலம் ஏப்ரலில் தொடங்குகிறது; வெளிநாட்டில் வசிப்போருக்குப் பெரும்பாலும் மே மாதத்தில் முடிந்துவிடும். இந்திய ரிட்டர்னுக்குப் பொதுவாக ஜூலை 31 கடைசி நாள். பிரெஞ்சுக் கணக்கை முதலில் முடித்தால், அந்தத் தாளை வைத்து இந்தியக் கணக்கை முடிக்கலாம். அங்கே கட்டிய வரியை இங்கே கழிக்க வேண்டியிருந்தால், அதற்கு உரிய படிவத்தையும் ரிட்டர்னோடு கொடுக்க வேண்டும். எந்த நாட்டில் வசிப்பவர் என்பதற்கு அந்த நாட்டு வரித்துறையிடமே சான்றிதழ் வாங்க முடியும். சிக்கலான குடும்பங்கள் அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கடற்கரைச் சாலையில் 1938 இல் திறந்த போர் நினைவிடத்தை நாம் தினமும் கடந்து போகிறோம். இந்த மண்ணில் இருந்து போய் மடிந்தவர்களுக்காக அது நிற்கிறது. போய்த் திரும்பியவர்களுக்கும், அவர்களுக்காக இங்கே காத்திருந்த பெண்களுக்கும் கிடைத்தது இந்தப் பென்ஷன். உழைத்தும் காத்திருந்தும் பெற்ற பணம் அது. ஒரு காகிதம் விட்டுப்போனதால் அது கைநழுவக் கூடாது. ஒரு காகிதத்தில் உண்மையை மாற்றி எழுதியதால் அதற்குக் களங்கமும் வரக் கூடாது.

உங்கள் கோப்பைக் கொண்டுவந்தால், எந்தத் தாள் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துச் சொல்ல எங்கள் குழு தயார். பிரெஞ்சுக் கடிதங்களைத் தமிழில் படித்துச் சொல்லவும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். முடிவான கணக்கைத் தகுதியுள்ள ஆடிட்டர்தான் போட வேண்டும். அதை நாங்கள் செய்வதில்லை. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: வரும்போது தம்பதியாக வாருங்கள். கணவர் பிரான்சில் இருந்தால் போனிலாவது சேர்ந்துகொள்ளட்டும். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.